கண் முந்தும், கால் பிந்தும்: கைக்குழந்தையின் முதல் ஓராண்டு

என் அக்கா மகள் பிறந்து மூன்று வாரம் இருக்கும். பால் குடித்து, ஏப்பம் விட்டு, பாயில் மல்லாந்து கிடந்தாள். அழுகை இல்லை, தூக்கமும் இல்லை. கை கால் அசையவில்லை. கண் மட்டும் அகலத் திறந்து, மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தது. “ஃபேன்ல என்னடி இருக்கு உனக்கு?” என்று கேட்டுக்கொண்டே அம்மா அவள்மேல் குனிந்தார். பார்வை ஃபேனை விட்டு மெல்ல இறங்கி, அம்மாவின் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. நெற்றி லேசாகச் சுருங்கியது. வாய் குவிந்தது. ஐந்து நிமிடம் போயிருக்கும். அப்புறம் கண் சொருகத் தொடங்கியது.

பச்சைக்குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லா வீட்டிலும் சொல்வது, “இப்பவே எப்படி முழிச்சு முழிச்சுப் பாக்குது!” இரண்டு மாதம் கழித்து வந்தால், “தலை நின்னுடுச்சா? குப்புற விழுந்துடுச்சா?” முதலாவது விழிப்பைப் பற்றியது, இரண்டாவது உடல் வளர்ச்சியைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தே நமக்குப் பழக்கம். கைக்குழந்தைக்கு அவை ஒன்றோடொன்று பின்னியவை. பார்க்க ஆசைப்படுவதால் தலையைத் தூக்குகிறது. தலையைத் தூக்கியதும் பார்க்க இன்னும் நிறையக் கிடைக்கிறது. அதை எட்டிப் பிடிக்கக் கை நீள்கிறது, கைக்கு எட்டாததை அடைய உடம்பு நகர்கிறது. இது பிடிபட்டுவிட்டால், எந்தக் குழந்தை எந்த மாதத்தில் எதைச் செய்தது என்று ஒப்பிட்டுத் தவிக்கிற தவிப்பு பாதி குறையும் என்று நம்புகிறேன்.

விழித்திருப்பது எல்லாம் விழிப்பு அல்ல

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். மீதி ஏழிலிருந்து பத்து மணி நேரமும் அது நம்மைக் கவனிக்கத் தயாராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1973இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையில், பச்சைக்குழந்தையின் நிலைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆழ்ந்த தூக்கம், மேலோட்டமான தூக்கம், அரைத்தூக்கம், அமைதியான விழிப்பு, பரபரப்பான விழிப்பு, அழுகை. குழந்தை இந்த ஆறுக்குள் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

மேலோட்டமான தூக்கத்தை எல்லோரும் பார்த்திருப்போம். மூடிய இமைக்குள் கண் உருளும், மூச்சு சீராக இருக்காது, உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போகும். “நரி சிரிப்புக் காட்டுது” என்று பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான். நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு வேறு. அது ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரும். தூக்கத்தில் வரும் சிரிப்புக்குப் பாட்டிகள் தனிப் பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

நமக்கு முக்கியமானது நான்காவது, அமைதியான விழிப்பு. உடம்பு அசையாது, மூச்சு சீராக இருக்கும், கண் பளிச்சென்று திறந்திருக்கும். ஃபேனைப் பார்த்தபோது அக்கா மகள் இருந்தது இந்த நிலையில்தான். குழந்தை உலகத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் நேரம் இது. முதல் வாரத்தில் நாளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இப்படிக் கிடைக்கும், அதுவும் துண்டு துண்டாக. பெரும்பாலும் பால் குடித்த பிறகு, சில நாள் நடுராத்திரி இரண்டு மணிக்கு. பிறந்தவுடன் முதல் ஒரு மணி நேரம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. பல குழந்தைகள் அப்போது நீண்ட நேரம் கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு மணிக்குள் தாயின் மார்பில் போட்டுப் பால் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குப் பிறகு ஒரு நெடுந்தூக்கம்.

ஐந்தாவது நிலையில், அதாவது பரபரப்பான விழிப்பில், கண் திறந்திருந்தாலும் கையும் காலும் உதறும், முகம் சுளிக்கும், பார்வை எதிலும் நிற்காது. பசி, ஈரம், களைப்பு என்று ஏதோ ஒன்று. அந்த நேரத்தில் கிலுகிலுப்பையை ஆட்டி விளையாட்டுக் காட்டினால் அடுத்த படி அழுகைதான். முதலில் கையில் எடுத்துத் தேற்ற வேண்டும்.

ஃபேனில் என்ன இருக்கிறது?

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. பச்சைக்குழந்தைக்குப் பார்வை மங்கல். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது குழந்தையின் கண்ணுக்கும் அம்மாவின் முகத்துக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அதுவே. தூரத்துப் பொருள்களில் நுணுக்கம் தெரியாது. ஆனால் வெளிச்சமும் இருட்டும் எதிரெதிரே நின்றால், அது பெரிதாகவும் இருந்தால், கண்ணை இழுக்கும். வெள்ளைக் கூரை, கருத்த இறக்கை, ஓயாத அசைவு. ஃபேனுக்கு இந்த மூன்றும் இருக்கின்றன.

ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களின் தொடக்கத்தில் இதை எளிமையான வழியில் சோதித்தார். பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாக வட்டங்களைக் காட்டினார். சிலவற்றில் முகம் வரைந்திருக்கும், சிலவற்றில் எழுத்து அச்சிட்டிருக்கும், சில வெறும் வண்ணம். எதை எவ்வளவு நேரம் பார்க்கின்றன என்று அளந்தார். வெறும் வண்ணத்தைவிடக் கோலமும் வடிவமும் உள்ளவற்றையே குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. முகத்தைப் பார்த்த நேரம் எல்லாவற்றிலும் அதிகம். அதுவரை, பிறந்த குழந்தைக்கு எதுவும் தெரியாது, எல்லாம் குழப்பம் என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

காது கண்ணைவிட முன்னதாகவே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போதே, கடைசி மூன்று மாதங்களில் குழந்தை அம்மாவின் குரலைக் கேட்கிறது. 1980இல் அந்தனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சூப்பானைச் சப்பும் விதத்தைப் பொறுத்து அம்மாவின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும்படி ஏற்பாடு. பிறந்து மூன்று நாளுக்குள் இருந்த அந்தக் குழந்தைகள், அம்மாவின் குரல் வருகிற மாதிரி தங்கள் சப்புதலை மாற்றிக்கொண்டன.

சரி, அந்த ஐந்து நிமிடத்தில் நாம் என்ன செய்யலாம்? முகத்தை ஓர் அடி தூரத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாகப் பேசினால் போதும். பேசிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பதில் உடனே வராது. சில நொடி கழித்துப் புருவம் தூக்கும், வாய் திறக்கும், இரண்டாம் மாதத்தில் ஒரு ‘ங்கா’ வரும். நாம் அவசரப்பட்டு அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதன் முறை போய்விடும். முகத்தைத் திருப்பினாலோ, கொட்டாவி, விக்கல், விரல்களை விரித்துக்கொள்வது என்று வந்தாலோ அதற்குப் போதும் என்று பொருள். பத்துப் பேர் வந்து கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சிவிட்டுப் போன நாளில் குழந்தை சாயங்காலம் முழுக்க அழுகிறது என்றால், திருஷ்டி என்று தேடுவதற்கு முன்னால் அதற்கு எத்தனை முறை ‘போதும்’ சொல்ல நேர்ந்தது என்று யோசிக்கலாம். கண் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்று: கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது, விரல்வழியாகத் தொற்றும் வரும். கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம், ஆசைக்கு அது போதும்.

தலையிலிருந்து காலுக்கு

குழந்தையின் உடம்பு வசத்துக்கு வருவதில் ஒரு வரிசை உண்டு. மேலிருந்து கீழே: கண், கழுத்து, தோள், இடுப்பு, கால். நடுவிலிருந்து ஓரத்துக்கு: தோள், முழங்கை, உள்ளங்கை, விரல்நுனி. மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் படிப்படியாக உறை போர்த்திக்கொள்வதும், தசை பலப்படுவதும், குழந்தை ஓயாமல் முயன்று பார்ப்பதும் சேர்ந்து இந்த வரிசையை உண்டாக்குகின்றன. வளர்ச்சி வேகமும் அதிகம். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும், ஐந்தாவது மாதவாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. 50 சென்டிமீட்டர் நீளத்தில் பிறந்தது 75ஐத் தொடும்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால்பங்கு தலை. அந்தப் பாரத்தைத் தாங்குகிற கழுத்தோ வாழைத்தண்டு மாதிரி. அதனால்தான் முதல் பெரிய சாதனை தலை நிற்பது. குப்புறப் போட்டால் ஒரு மாதத்தில் ஒரு கணம் மூக்கைத் தூக்கிப் பக்கம் மாற்றும். இரண்டு மாதத்தில் சாய்வாகத் தலை எழும். மூன்று நான்கு மாதத்தில் முழங்கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, எதிரே நிற்பவரை நேராகப் பார்க்கும். அது அப்படித் தூக்கும்போது எதிரே சுவர் மட்டும் இருந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். நீங்கள் தரையில் படுத்து உங்கள் முகத்தை அங்கே வைத்துப் பாருங்கள், இன்னும் அரை நிமிடம் தாக்குப்பிடிக்கும்.

இந்தக் குப்புறப் பழக்கத்தைப் பிறந்த முதல் வாரங்களிலேயே தொடங்கலாம், முதலில் நம் நெஞ்சின்மேல் போட்டு, அப்புறம் பாயில். ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. பால் குடித்த உடனே வேண்டாம். விழித்திருக்கும்போது மட்டும், ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது மட்டும். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான். குப்புறத் தூங்கும் குழந்தைகளிடம் திடீர் மரணம் அதிகம் என்று தெரிந்து, 1990களிலிருந்து பல நாடுகள் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லின. அந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் ஆட்டத்தில் குழந்தை அடங்கிவிடும், அம்மாவுக்கும் கை ஓயும். ஆனால் கண் திறந்த பிறகும் தூளியிலேயே கிடந்தால் அது பார்ப்பது சேலைத் துணியை மட்டும். தலையைத் திருப்ப இடமில்லை, கையை ஊன்றத் தரை இல்லை. விழித்ததும் எடுத்துப் பாயில் போடுவது நல்லது.

கை என்ற கண்டுபிடிப்பு

பிறந்தபோது கை மூடியே இருக்கும், உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றும். அது தானாக நடக்கிற அனிச்சைச் செயல். இரண்டு மூன்று மாதத்தில் விரல் விரியத் தொடங்கும். அப்போது ஒரு நாள் குழந்தை தன் கையையே முகத்துக்கு நேரே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கும். எங்கள் வீட்டில் அக்கா மகள் இதை ஒரு வாரம் செய்தாள். கை பார்வைக்குள் வரும், நழுவிப் போகும், தேடுவாள், மறுபடி வரும். தான் நினைத்தால் இது அசைகிறது என்று அவள் கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. கண்ணும் கையும் சேர்ந்த பிறகு, நான்கு ஐந்து மாதத்தில் எட்டிப் பிடிக்கும். ஆறு ஏழில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். ஒன்பது பத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியை எடுக்கும். எடுத்தது வாய்க்குத்தான் போகும். அதனால் அந்த வயதில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பட்டன், சின்ன பேட்டரி எதுவும் தரையில் கிடக்கக் கூடாது.

குப்புற விழுவது நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள். பல வீடுகளில் அன்று கொழுக்கட்டை செய்வார்கள். பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற எதையோ பார்க்கத் திரும்பி, தலை போன வழியில் உடம்பும் போய்விடும். கட்டிலில் தனியே விடும் காலம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

நம் முன்னோர் இவற்றை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் சான்று. அதன் பத்துப் பருவங்களில் செங்கீரை ஐந்தாம் மாதத்துக்குரியது: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலை நிமிர்த்தி முகத்தை ஆட்டுவது. சப்பாணி ஒன்பதாம் மாதத்துக்குரியது: உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவது. கையைத் தரையில் ஊன்றாமல் உட்கார முடிந்தால்தானே கை தட்ட முடியும்? வருகை, ஓராண்டு முடிகிற கட்டத்துக்குரியது, தளர்நடை. இன்று மருத்துவமனையில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மறைந்துபோகும் நடை

பிறந்த குழந்தையை அக்குளில் பிடித்து, பாதம் தரையில் படும்படி நிறுத்தினால், நடப்பதுபோல் காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கும். இரண்டு மாதத்தில் அது காணாமல் போய்விடும். மூளை வளர்ந்து அந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் பாடம் சொன்னார்கள். எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம். மல்லாந்து படுத்து உதைக்கும்போது அதே அசைவு நிற்கவில்லையே, நிமிர்த்திப் பிடித்தால் மட்டும் ஏன் மறைகிறது? காலைப் பார்த்தார். அந்த இரண்டு மாதத்தில் தொடையில் சதை மளமளவென்று ஏறுகிறது, கொழுப்பு கூடுகிற வேகத்துக்குத் தசைப்பலம் கூடவில்லை. 1984இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், நடை காட்டும் குழந்தைகளின் காலில் சிறு பாரம் கட்டியதும் நடை குறைந்தது. குழந்தைகளைத் தண்ணீருக்குள் நெஞ்சளவு நிறுத்தி, காலின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொண்டதும் நடை கூடியது.

எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். குழந்தை ஒன்றைச் செய்யவில்லை என்றால் அறிவு வரவில்லை என்று நினைத்துவிடுகிறோம். சில நேரம் கால் கனமாக இருக்கிறது, அவ்வளவுதான். கொழுகொழுவென்ற குழந்தை ஒல்லியான குழந்தையைவிட ஒரு மாதம் தாமதமாக எழுந்து நிற்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

வாய்ப்பும் ஒரு காரணம். கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே சார்ல்ஸ் சூப்பர் என்பவர் 1970களில் ஆராய்ந்தார். அங்கே தாய்மார்கள் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பயிற்சி தருவார்கள். அந்த இரண்டிலும் அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முந்தின. பயிற்சி தராத தவழ்தலில் முந்தவில்லை.

எந்த மாதம் சரி?

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் கணக்கு வெளியிட்டது. இந்தியாவிலிருந்து டெல்லிக் குழந்தைகள். பிடிக்காமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். முட்டி போட்டுத் தவழ்வது 5.2இலிருந்து 13.5க்குள். தனியே நடப்பது 8.2இலிருந்து 17.6க்குள். எட்டு மாதத்தில் நடக்கிற குழந்தையும் இயல்பு, பதினேழில் நடக்கிற குழந்தையும் இயல்பு. நூற்றில் நான்கு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. வேறு வழியில் நகர்ந்து நேரே எழுந்து நின்றுவிட்டன. இந்த எல்லைக்குள் முந்தி நடந்த குழந்தை பின்னால் படிப்பில் முந்தும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு வயதுவரை மருத்துவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

சீக்கிரம் நடக்கட்டும் என்று உட்கார வைத்துச் சக்கரத்தில் உருட்டும் வாக்கர் வாங்காதீர்கள். அது நடையைச் சீக்கிரப்படுத்தாது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். கனடா 2004இல் அதை முற்றாகத் தடை செய்தது. நம் மர நடைவண்டி வேறு. குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளிக்கொண்டு போவது அது. பிடித்து நிற்கத் தெரிந்த பிறகு, ஒருவர் கூடவே நடந்தால், நல்ல துணை.

ஆனால் சிலவற்றைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. பலத்த சத்தத்துக்கும் திடுக்கிடாதது. மூன்று மாதமாகியும் முகம் பார்க்காதது, சிரிக்காதது. நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காதது. ஒன்பது மாதம் தாண்டியும் உட்காராதது. பதினெட்டு மாதமாகியும் நடக்காதது. கை கால் விறைப்பாகவோ துணிபோலத் துவண்டோ இருந்தாலும், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலும், கண்மணி வெள்ளையாகப் பளபளத்தாலும், கற்றுக்கொண்டதை இழந்தாலும் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். “அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான், நடந்தான்” என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் காட்டுங்கள். மாவட்ட அளவில் அரசு நடத்தும் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள் இதற்காகவே இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

நடை வந்துவிட்டால் குழந்தை எவ்வளவு உழைக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃபின் குழு 2012இல் எண்ணிப் பார்த்தது. விளையாடும் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தன, 17 முறை விழுந்தன. விழுந்தும் ஏன் தவழ்தலை விட்டு நடையைப் பிடிக்கின்றன? அதே குழு குழந்தைகளின் தலையில் சிறு கேமரா மாட்டிப் பார்த்தது. தவழும் குழந்தைக்குக் கண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் தரைதான். எழுந்து நடந்தால் அறை முழுவதும் தெரிகிறது, ஆட்களின் முகம் தெரிகிறது.

அக்கா மகள் பதிமூன்றாம் மாதத்தில் நடந்தாள். சோபாவைப் பிடித்திருந்த கையை விட்டு நான்கு எட்டு வைத்து, கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. கால் ஆடிக்கொண்டே இருக்க, தலையை அண்ணாந்து, கையைத் தூக்கி ஃபேனைக் காட்டினாள்.